திடீர்ப் பயணமும் தீராக் கடமையும்

நண்பர் ஒருவர் அழைத்தார் என்பதற்காக, முன்னேற்பாடு எதுவுமின்றி, வார இறுதியில் மகிழுந்தில் ஏறி அயல்நாட்டுக்குப் புறப்பட்டுவிடுவது முறையாகுமா? இது விளையாட்டான கேள்வி போலத் தோன்றலாம். ஆயினும் இதனுள் அறத்தின்பாற்பட்ட வினா ஒன்று அடங்கியுள்ளது. நம் நேரத்தின்மீது நமக்குள்ள உரிமை எவ்வளவு? நண்பருக்குள்ள உரிமை எவ்வளவு? வீட்டில் நம்மை நம்பியிருப்போர்க்குள்ள உரிமை எவ்வளவு?

ஆசிரியர்களாகிய நாம் திட்டங்களுக்குள்ளேயே வாழ்பவர்கள். ஆண்டுப் பாடத்திட்டம், வாரத் திட்டம், நாள் பாடக் குறிப்பு என நம் காலம் கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டுவிடுகிறது. திருக்குறளில் 'தெரிந்து செயல்வகை' என்னும் அதிகாரத்தை மாணவர்க்கு விளக்கும்போது நம் குரலில் தனியொரு உறுதி பிறக்கும். அதே நூலில் 'பழைமை' என்றும் ஓர் அதிகாரம் உண்டு. நெடுநாள் பழகிய நண்பர் நம்மைக் கேளாமலே உரிமை எடுத்துக்கொள்வதை விரும்பி ஏற்பது நட்பின் முதிர்ச்சி என்பது அதன் சாரம். ஆராய்ந்து செய்க என்று அறிவுறுத்திய வள்ளுவரே, நண்பர் கேளாது எடுக்கும் உரிமைக்கும் இடம் வைத்திருக்கிறார். இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பனவா?

அண்மையில் நிகழ்ந்த ஒன்றைக் கொண்டு இதனை ஆராயலாம். ஆசிரியர் பயிற்சிக் காலம் முதல் பழகிவரும் கிள்ளான் நண்பரும் நானும் ஒரு வெள்ளிக்கிழமை மாலை பிரிக்பீல்ட்ஸில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஒருநாள் ஆற அமர நடக்க வேண்டும் என்ற எங்கள் பழைய ஆசை பேச்சில் வந்தது. "அடுத்த பள்ளி விடுமுறையில் பார்க்கலாம்" என்றேன். "பத்தாண்டாக நீ இதைத்தான் சொல்கிறாய்; நாளைக் காலையில் புறப்படுவோம்" என்றார் நண்பர். மறுநாள் விடியுமுன் தெற்கு நோக்கிய நெடுஞ்சாலையில் இருந்தோம்.

இதனைத் திடீர்ப் பயணம் என்கிறோம். ஆனால் எண்ணிப் பார்க்கின், இதில் திடீரென்று நிகழ்ந்தது எது? தலைநகரிலிருந்து ஜொகூர் பாரு வரை 300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் வழியைத் தடையின்றிக் கடக்க உதவிய வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமை பெற்றது. நீரிணையைக் கடக்கும் ஜொகூர் கடற்பாலம் 1924இல் முறையாகத் திறக்கப்பட்டது. எங்கள் கடப்பிதழ்கள் காலாவதியாகாமல் இருந்தன. நண்பரின் மகிழுந்துக்குச் சிங்கப்பூர் நுழைவு அனுமதி முன்னரே பெறப்பட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, முதுமையுற்ற என் தாயாரை இரு நாள் கவனித்துக்கொள்ள என் துணைவியார் உடன்பட்டார். ஓர் இரவில் முடிவாகிய பயணத்தின் பின்னே பல்லாண்டு உழைப்பும் பலரது பொறுப்பும் நின்றன. திடீர் என்பது கனி. அதைத் தாங்கும் மரமோ நெடுங்காலம் நீரூற்றி வளர்க்கப்பட்டது.

ஆகவே, முன்பின் எண்ணாமல் புறப்படுதலும் முன்கூட்டி நாள் குறிக்காமல் புறப்படுதலும் ஒன்றல்ல. முன்னது பொறுப்பின்மை. பின்னது, கடமைகளை நாள்தோறும் ஒழுங்காகச் செய்துவருபவனுக்குக் கிட்டும் விடுதலை. இவற்றைப் பிரித்தறிய இரண்டு கேள்விகள் போதும். என் விடுதலையின் சுமையை யார் தாங்குகிறார்? என் நண்பரிடம் நான் 'இயலாது' என்று சொல்லியிருக்க முடியுமா? துணைவியார் "போய்வாருங்கள்" என்று சொன்னதை வெறும் அனுமதியாகக் கொள்ளலாகாது. அது நான் திருப்பித் தரவேண்டிய கடன். அடுத்த வார இறுதி அவருக்கு உரியது. அவ்வாறே, மறுப்பதற்கு இடம் தராத அழைப்பு உரிமையன்று, வற்புறுத்தலே. அழைக்கும் உரிமையும் மறுக்கும் உரிமையும் சேர்ந்திருப்பதே பழைமை.

கடற்பாலத்தில் வாகனங்கள் வரிசையில் நின்றபோது மற்றொன்றும் மனத்தில் எழுந்தது. 'அயல்நாடு' என்ற சொல்லே இங்கு அண்மைக் காலத்தது. 1965 ஆகஸ்ட் 9 வரை சிங்கப்பூர் மலேசியாவின் பகுதி. கோ. சாரங்கபாணி 1935இல் சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் முரசு, கடலுக்கு இப்பாலும் தமிழர் வீடுகளில் படிக்கப்பட்டது. அன்று நம் ஆசிரியர்கள் இப்பாலத்தைக் கடந்தபோது வேறொரு நாட்டுக்குப் போவதாக எண்ணியிருக்கமாட்டார்கள். மாறாக, 2020 மார்ச்சில் பெருந்தொற்றின் காரணமாக எல்லை அடைபட்டபோது, ஒரு கிலோமீட்டர் அளவே உள்ள அப்பாலம் கடக்கவொண்ணாப் பெருங்கடலாயிற்று. நாள்தோறும் வேலைக்குச் சென்று வந்தவர்கள் பிள்ளைகளின் முகம் காணாமல் மாதக்கணக்கில் தவித்தனர். தரைவழிப் போக்குவரத்து மீண்டும் பரவலாகத் திறக்கப்பட்டது 2022 ஏப்ரல் 1இல்தான். 'பிறகு போகலாம்' என்பது நம் கையில் எப்போதும் இருக்கும் பொருளன்று என்பதை அக்காலம் நமக்குக் கற்பித்தது.

பெருந்தொற்று இல்லாதபோதும் அப்பாலத்தைக் கடக்க இயலாதவர் உளர். பிறப்பைப் பதியாமை, பெற்றோர் திருமணத்தைப் பதியாமை முதலிய காரணங்களால் குடியுரிமை ஆவணம் கிட்டாதோர் நம் சமூகத்தில் இன்றும் இருக்கின்றனர். தமிழ்ப்பள்ளி மாணவர் பதிவில் அத்தகைய பிள்ளையைச் சந்தித்த ஆசிரியர் பலர். நமக்கு ஓர் இரவில் வாய்த்த பயணம், அப்பிள்ளைக்கு வாழ்நாள் முழுதும் வாய்க்காமற் போகலாம். இதற்காக நம் மகிழ்ச்சியைத் துறக்க வேண்டுவதில்லை. நாம் துறப்பதால் அப்பிள்ளைக்குக் கடப்பிதழ் வந்துவிடாது. ஆனால் முதலாம் ஆண்டுப் பதிவின்போது ஆவணமின்றி நிற்கும் பெற்றோரை அமரவைத்து, எங்குச் செல்ல வேண்டும், எதனை நிரப்ப வேண்டும் என்று பொறுமையாக எடுத்துரைப்பது நம்மால் ஆகும். துய்த்த உரிமைக்குச் செலுத்தும் நன்றி அதுவே.

நட்பின் பொருட்டு எல்லை கடந்தோருள் பிசிராந்தையார் தலையாயவர். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, நேரில் கண்டறியாத அந்நண்பர் பாண்டிநாட்டிலிருந்து சோழநாட்டுக்கு வந்து சேர்ந்தார். ஆண்டுகள் பலவாகியும் நரை ஏன் தோன்றவில்லை என்று கேட்டோர்க்கு அவர் கூறிய காரணங்களைப் புறநானூறு காட்டுகிறது. நற்குணம் நிறைந்த மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், குறிப்பறிந்து நடக்கும் ஏவலர், முறை தவறாத மன்னன், ஊரில் வாழும் சான்றோர் ஆகியோரையே அவர் எண்ணினார். வீடும் ஊரும் செம்மையாக இருந்தமையால் அவர் உள்ளம் கவலையின்றி இருந்தது. அத்தகைய உள்ளமே நண்பருக்காக உடன் புறப்படவும் வல்லது. அதே கோப்பெருஞ்சோழன், உடனிருக்க விரும்பிய பொத்தியாரை, மனைவி மகப்பேற்றை நோக்கியிருந்தமையால், மகன் பிறந்தபின் வருக என்று திருப்பி அனுப்பினான். ஒருவர் வந்தது நட்பு. மற்றவர் திரும்பியதும் நட்பு.

நாள் குறித்துச் செல்லும் பயணத்தில் நாம் ஊர்களைக் காண்கிறோம். நாள் குறியாமல் செல்லும் பயணத்தில் நம் வாழ்வு எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது என்பதைக் காண்கிறோம். நண்பர் திடீரென அழைக்கும் நாளில் மனக்கலக்கமின்றிப் புறப்படவோ, மனத்தாங்கலின்றி மறுக்கவோ இயலுமாறு மற்ற நாள்களை அமைத்துக்கொள்வதே நாம் செய்யத்தக்கது.