சுடாத மண்

தனியாகப் பிரயாணம் புறப்படுகிறவனுக்கு வீட்டார் சொல்லி அனுப்பும் புத்திமதி எல்லாத் தேசத்திலும் ஒன்றுதான்: "யாரையும் நம்பாதே." இரண்டு சட்டை, ஒரு துண்டு, சோப்பு, சீப்பு இவற்றோடு இந்தப் புத்திமதியையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் ரயிலேறுகிறோம். கனமில்லாத சாமான் என்று நினைக்கிறோம். அதன் கனம் எவ்வளவு என்பது எனக்கு விருத்தாசலத்தில் தெரிந்தது.

முதுகில் பெரிய பையை மாட்டிக்கொண்டு, துணையில்லாமல் ஊர் ஊராகச் சுற்றுகிறவர்களை இப்போது எங்கும் பார்க்கிறோம். பாங்காக்கிலும் காத்மாண்டுவிலும் அவர்களை நம்பியே பிழைக்கிற தெருக்கள் இருக்கின்றன. அப்படிப்பட்டவர்கள் இருவர் சந்தித்தால் எதைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள்? கோபுரங்களைப் பற்றியா? இல்லை. துணி எங்கே வெளுக்கப் போட்டாய், நோட்டை எங்கே மாற்றினாய், எந்த வண்டிக்காரன் எவ்வளவு கூடக் கேட்டான், இவைதான் பேச்சு. தனிப் பிரயாணியின் நாள் பெரும்பாலும் இத்தகைய சில்லறைக் காரியங்களால் ஆனது. வீட்டில் தாமாகவே நடந்துவிடுகிற இந்தக் காரியங்கள், அந்நிய ஊரில் ஒவ்வொன்றும் ஒரு மனிதரிடம் போய்க் கேட்டால்தான் நடக்கும். ஆகவே, தனியாகப் போகிறவன்தான் அதிகம் பேரை நம்பியாக வேண்டியவன். அவனைப் பார்த்துத்தான் "யாரையும் நம்பாதே" என்கிறோம்!

சில வருஷங்களுக்கு முன், தை மாதக் கடைசியில், நான் தனியாக விருத்தாசலம் போனேன். பழமலைநாதர் கோயிலைப் பார்க்க வேண்டும். பீங்கான் பொம்மை செய்வதையும் பார்க்க வேண்டும். வேறு காரியம் ஒன்றுமில்லை. விடியுமுன் சந்திப்பு நிலையத்தில் இறங்கி, படியில் கால் வைத்தேன். செருப்பு வார் அறுந்தது. இது செல்பேசியிலேயே பணம் கொடுக்கிற காலம். ஆனால் என் செல்பேசி ரயிலிலேயே அணைந்துவிட்டிருந்தது. மின்னூட்டும் கம்பி வீட்டில் பத்திரமாக இருந்தது.

பொழுது விடிந்ததும், சாலையோரத்தில் கடை விரித்த செருப்புத் தைக்கும் பெரியவர் வாரைத் தைத்துக் கொடுத்தார். இருபது ரூபாய். நான் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினேன். "இப்பத்தான் சார் உட்கார்ந்தேன், சில்லறைக்கு எங்க போறது? வரப்போ குடுங்க" என்று சொல்லி அடுத்த செருப்பைக் கையில் எடுத்தார். நான் யார், எந்த ஊர், திரும்பி வருவேனா என்று கேட்கவில்லை.

விடுதியில் அறை கிடைத்தது. முன்பணம் கொடுத்ததில் நோட்டும் சில்லறையாயிற்று. ஆனால் அறைப் பூட்டு எனக்குத் திருப்தியாக இல்லை, இழுத்தால் ஆடியது. ஆகவே குளித்ததும் பையை முதுகில் மாட்டிக்கொண்டே ஊரைச் சுற்றப் புறப்பட்டேன். முதலில் ஒரு தேநீர்க் கடை. கடைக்காரர் என் செல்பேசியைத் தம் கம்பியில் மாட்டி, பெட்டியடியில் வைத்துக்கொண்டார். தயங்கித் தயங்கித்தான் கொடுத்தேன். கோயில் வாசலில் பூ விற்கும் அம்மாள் என் செருப்பைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். இப்படி, காலை பத்து மணிக்குள் அந்த ஊரில் மூன்று பேர் எனக்கு உபகாரம் செய்துவிட்டார்கள். அப்போது நான் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. உபகாரத்தை யார் கணக்கு வைக்கிறார்கள்? நஷ்டத்துக்குத்தான் நாம் கணக்கு வைக்கிறோம்.

திருமுதுகுன்றம் என்ற பழைய பெயருடைய அந்தத் தலத்தில் எல்லாம் ஐந்தைந்து. கோபுரம் ஐந்து, பிராகாரம் ஐந்து, கொடிமரம் ஐந்து, தேரும் ஐந்து. சுந்தரர் இங்கே வந்து, பன்னிரண்டாயிரம் பொன் பெற்றார் என்பது புராணம். அவ்வளவு பொன்னை வழியில் எப்படிக் கொண்டு போவது என்று அவருக்கும் கவலை வந்தது. இறைவன் சொற்படி மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, நூறு கிலோமீட்டருக்கு அப்பால் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார். நாம் "ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது" என்று ஏளனமாகச் சொல்கிறோம். அவருக்கோ அது ஏளனமல்ல, நம்பிக்கை. மணல் ஓடிக் கிடந்த மணிமுத்தாற்றைப் பார்த்தபடி அந்தக் கதையை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அன்றே அது எனக்குப் பொருந்தப் போகிறது என்று தெரியவில்லை.

கோயிலிலிருந்து ஒரு பொம்மைப் பட்டறைக்குப் போனேன். விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மை சக்கரத்தில் வனைவதல்ல. களிமண்ணை மற்றக் கற்பொடிகளோடு அரைத்துப் பால் போலக் கரைத்து, பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, மண் மட்டும் அச்சின் சுவரில் ஏடாகப் படிகிறது. மிஞ்சிய கரைசலைக் கவிழ்த்துவிட்டு அச்சைப் பிரித்தால், உள்ளே கூடான ஒரு பொம்மை. அதைப் பிசிறு சீவி, உலர்த்தி, சூளையில் ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் சுட்டு எடுக்கிறார்கள். பளபளப்பும் வண்ணமும் அதன் பிறகு.

பலகை மேல் உலர்ந்துகொண்டிருந்த யானைகளை நான் குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன். முதுகுப் பையும் திரும்பியது. ஒரு யானை கீழே விழுந்து மூன்று துண்டாயிற்று.

எனக்கு முகம் வெளிறிவிட்டது. பட்டறைக்காரர் சிரித்தார். "சுடாத மண்ணுதானே சார்! கரைச்சு ஊத்தினா திரும்பவும் யானை. சுட்டது ஒடைஞ்சாத்தான் சார் போச்சு, அதை எந்தத் தண்ணியாலயும் கரைக்க முடியாது" என்றார். அச்சுக்குப் பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த, இருபது வயதிருக்கும் ஒரு பையன் ஓடிவந்து, நான் கழற்றிய பையை வாங்கி வாசலோரம் கொண்டுபோய் வைத்தான்.

அரை மணி நேரம் கழித்து, நான்கு பொம்மைகளைப் பொறுக்கி வைத்துவிட்டுப் பையின் வெளி உறையைத் திறந்தேன். பர்ஸ் இல்லை.

அந்த நிமிஷத்தில் என் மனம் செய்த வேலையை இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. அது யோசிக்கவே இல்லை; நேராகப் போய் அந்தப் பையன் மேல் உட்கார்ந்துகொண்டது. பையின் பக்கத்தில் பட்டறைக்காரரும் இரண்டு முறை நின்றார். கார் வைத்துக்கொண்டு வந்திருந்த ஒரு வியாபாரியும் நின்றார். கோயில் கூட்டத்தில் எத்தனையோ பேர் என்னை உரசிக்கொண்டு போனார்கள். அவர்களை விட்டுவிட்டு இவனை ஏன் பிடித்தது? இவன் சட்டைதான் அங்கே எல்லாவற்றிலும் பழையது. வேறு காரணம் எனக்கு அகப்படவில்லை.

நான் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. படித்தவனல்லவா? "பையை நகர்த்தினப்போ ஏதாவது கீழே விழுந்துச்சா, தம்பி?" என்று மிகவும் மரியாதையாகத்தான் கேட்டேன். அந்த வாக்கியத்தில் ஒரு பழுது கண்டுபிடிக்க முடியாது. ஆனால் பட்டறைக்காரர் பையனைத் திரும்பிப் பார்த்தார். வியாபாரியும் பார்த்தார். பையன் ஒன்றும் பேசாமல், கையைத் துணியில் துடைத்துவிட்டு, கால்சட்டைப் பைகளை வெளியே இழுத்துக் காட்டினான். ஒரு சீப்பு, ஒரு சாவி, மடித்த பத்து ரூபாய் நோட்டுகள் இரண்டு. "ஐயோ, அதுக்கில்லே..." என்று நான் குழறினேன். அதற்குத்தான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

பொம்மைகளை வைத்துவிட்டு வெளியே வந்தேன். தேநீர்க் கடைக்காரர் விஷயத்தைக் கேட்டு, டீயும் இரண்டு வடையும் கொடுத்துக் காசு வேண்டாமென்றார். "மணவாளநல்லூர் பக்கந்தான் சார். கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டிடுங்க" என்று யோசனையும் சொன்னார். களவு போனவர்களும் கடன் ஏமாந்தவர்களும் தம் குறையைத் தாளில் மனுவாக எழுதி அந்த முருகன் கோயிலில் கட்டிவிடுவார்கள். குறை தீர்ந்தால் மறுபடி போய், பிராதைத் திரும்பப் பெறுவதாக ராஜினாமாவும் செய்ய வேண்டும். "அதை மறந்துடக் கூடாது சார்" என்று அவர் அழுத்திச் சொன்னார்.

பிராது கட்ட நான் போகவில்லை. அறைக்குத் திரும்பிப் பையைக் கட்டில்மேல் கவிழ்த்தேன். கடைசியில் விழுந்தது ஒரு ஜோடிக் காலுறை. அதில் ஒன்று கனத்தது. விடுதிப் பூட்டை நம்பாமல், வெளி உறையையும் நம்பாமல், குளிக்கப் போகுமுன் பர்ஸைக் காலுறைக்குள் திணித்து அடியில் வைத்தவன் நானேதான். ஊரிடமிருந்து ஒளித்தேன்; என்னிடமிருந்தே ஒளிந்துகொண்டது. காலுறையில் போட்டுவிட்டு ஓர் ஏழையின் சட்டைப்பையில் தேடியிருக்கிறேன்.

அப்போதுதான் இன்னொன்றையும் கவனித்தேன். பையின் தோள்வாரில் வெள்ளையாக ஐந்து விரல்களின் தடம் இருந்தது. களிமண் கையால் தூக்கியவனின் தடம். பர்ஸ் வைக்கும் வெளி உறையில் ஒரு புள்ளி வெள்ளை இல்லை. அவன் நிரபராதி என்பதற்கு அத்தாட்சி என் கண்ணெதிரிலேயே இருந்தது. பார்க்க வேண்டுமென்று நினைத்திருந்தால் அங்கேயே பார்த்திருக்கலாம்.

எச்சரிக்கை வேறு, சந்தேகம் வேறு என்று நமக்குத் தெரியாமலில்லை. ஆனால் அவை எங்கே பிரிகின்றன? எனக்குத் தோன்றுவது இது. பூட்டுப் போடுகிறேன் என்றால் அதன் சிரமம் எனக்கு. அந்தப் பூட்டு எந்த மனிதனைப் பற்றியும் ஒன்றும் சொல்வதில்லை. சந்தேகப்படுகிறேன் என்றால் அதன் செலவு இன்னொருவனுடையது. அதிலும், அதைத் தாங்க வசதியில்லாத ஒருவனைப் பார்த்துத்தான் நம் சந்தேகம் பொறுக்கி எடுக்கிறது. பிரயாணி மறுநாள் ரயிலேறிப் போய்விடுவான். பைகளை வெளியே இழுத்துக் காட்டினவன் அதே பட்டறையில், அதே முதலாளியின் முன் நாளைக்கும் நிற்க வேண்டும்.

போகிறவன் சும்மாவும் போவதில்லை. போகுமிடமெல்லாம் ஊரைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறான். "அந்த ஊரா? மோசமான ஊர், பர்ஸ் போய்விட்டது" என்பான். ஊருக்குப் பதில் சொல்ல வாயில்லை. இந்த விஷயத்தில் பழைய பிரயாணி ஒருவரை நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. 1342-இல் தில்லி சுல்தானின் தூதராகச் சீனத்துக்குப் புறப்பட்ட இபின் பதூதா, இன்றைய அலிகார் அருகே கூட்டத்தைப் பிரிந்து தனியாக அகப்பட்டு, உடைமைகளைப் பறிகொடுத்தார். பிடித்தவர்கள் அவரை உயிரோடு விட்டுவிட்டார்கள். பல நாள் ஒளிந்து திரிந்து சோர்ந்தவருக்கு, முன்பின் அறியாத ஒரு கறுத்த மனிதர் தண்ணீர் இறைத்துக் கொடுத்து, கடலையும் சோறும் தந்து, நடக்க முடியாமற்போனபோது முதுகிலே சுமந்தும் சென்றார். இபின் பதூதா தம் பிரயாண நூலில் கொள்ளையைச் சொன்னார், சுமந்தவரையும் சொன்னார். இரண்டையும் சொல்வதுதான் கணக்கு. என் கணக்கில் அன்று செருப்புத் தைத்தவரும் தேநீர்க் கடைக்காரரும் பூக்காரியும் எழுதப்படவே இல்லை. நடக்காத ஒரு திருட்டு மட்டும் எழுதப்பட்டது.

மனத்தில் எழுந்தது மட்டும் பாவமா என்று சிலர் கேட்கலாம். மனம் என்ற அச்சில் என்னென்னவோ உருவம் விழுகிறது. அது சுடாத மண்; கண்டவுடன் கரைத்துவிட்டால் மறுபடியும் வெறும் மண்தான். நான் கரைக்கவில்லை. மூன்று பேர் நடுவில் வாயைத் திறந்து சூளையில் வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை பட்டறைக்குப் போய், பர்ஸ் என்னிடமே இருந்தது என்று பட்டறைக்காரரிடம், பையன் காதில் விழும்படி உரக்கச் சொன்னேன். "கிடைச்சிடுச்சா? நல்லதுங்க" என்றார் அவர். பையனிடம் போய், "தப்பு என்மேல்தான், தம்பி" என்றேன். "பரவாயில்லீங்க" என்றான், அச்சிலிருந்து கண்ணை எடுக்காமல். பணம் கொடுக்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. நல்லவேளை, அந்த அவமதிப்பையும் சேர்த்துச் செய்யவில்லை. நான்கு பொம்மைகளையும் வாங்கிக்கொண்டு, பையை யானைகள் காய்ந்த பலகையருகே இறக்கினேன். நேற்று ஓடிவந்து வாங்கியவன், இன்று இரண்டடி பின்வாங்கினான். "சார், பையை நீங்களே கொஞ்சம் நகர்த்தி வச்சுக்கிறீங்களா?" என்றான்.

அவன் குரலில் கோபமே இல்லை. புத்திமதி மட்டும் இருந்தது. என் வீட்டார் எனக்குக் கொடுத்தனுப்பியதை நான் அவனிடம் இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

நிலையத்துக்குப் போகிற வழியில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் இருபது ரூபாயை நீட்டினேன். எதற்கு என்று அவருக்கு ஞாபகம் இல்லை; செருப்பைக் காட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. கொளஞ்சியப்பர் சந்நிதியில் பிராது கட்டியவன் அதைத் திரும்பப் பெற ஒரு முறை இருக்கிறது. மனிதன்மேல் கட்டிய பிராதை எந்தச் சந்நிதியில் ராஜினாமா செய்வது? இந்தப் பக்கங்களைத் தவிர எனக்கு வேறு இடம் அகப்படவில்லை.