குளவிக்கூடும் ஆனந்தரின் கந்தலும்

2023 கோடையில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் நகரத்தில் தொடர்ந்து 31 நாள் பகலின் உச்ச வெப்பம் 43 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கவேயில்லை. அந்த அரிசோனா வெயிலில் மோட்டார்ஹோம் எனும் வீட்டு வண்டியில் குடியிருப்பவர்களை உயிரோடு வைத்திருப்பது கூரைமேல் இருக்கும் ஏசிதான். அது 25 வருடப் பழசு. ஆனாலும் ஓடுகிறது என்றால் வைத்துக்கொள்வதா, மாற்றுவதா? பணக் கணக்காகத் தொடங்கும் கேள்வி சீக்கிரமே வேறிடத்துக்குப் போய்விடுகிறது. தன்னிடம் உழைத்த பொருளுக்கு மனிதன் எதுவரை கடமைப்பட்டவன்?

யூத அறநெறியில் இதற்கென்றே ஒரு விதி உண்டு: பால் தஷ்ஹித், அதாவது ‘அழிக்காதே’. முற்றுகைப் போரிலும் கனிமரங்களை வெட்டக்கூடாது என்ற யூத வேதத்தின் உபாகமம் 20ஆம் அதிகாரத்துக் கட்டளையிலிருந்து வந்தது. 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் அதைப் பாத்திரம், துணி, கட்டடம் வரை விரித்தார். பிற மரங்களைக் கெடுக்கும் கனிமரத்தை வெட்டலாம் என்று சொன்னவரும் அவர்தான்.

பௌத்தத் துறவிகளின் விதிநூலான விநய பிடகத்தில் வரும் கதை இன்னும் நெருக்கமானது. உதேன மன்னனின் அரண்மனைப் பெண்கள் புத்தரின் சீடர் ஆனந்தருக்கு 500 மேலாடைகளைக் கொடுத்துவிட்டார்கள். துறவிக்கு இத்தனை எதற்கு என்று மன்னனுக்குச் சந்தேகம். கந்தல் உடுத்திய துறவிகளுக்குப் பகிர்ந்து கொடுப்போம் என்றார் ஆனந்தர். அப்படியானால் அந்தப் பழைய கந்தல்? மேல்விரிப்பாகும். விரிப்பு நைந்தால் மெத்தையுறை. பிறகு தரைவிரிப்பு, கால்துடைக்கும் துணி, தூசி தட்டும் துணி. கடைசியில் நறுக்கிச் சேற்றோடு பிசைந்து தரைக்குப் பூசுவோம் என்றார். எல்லாப் பற்றையும் விடப் புறப்பட்டவர் ஒரு துணியின் கடைசி நூல்வரை கணக்குச் சொல்கிறார். பொருளின்மேல் கவனம் வேறு, பற்று வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியுமா?

அந்தக் கவனத்தோடு ஏணி போட்டுக் கூரைக்கு ஏறிப் பார்க்க வேண்டும். வெயிலில் வறுபட்ட பிளாஸ்டிக் மூடி விரல் பட்டாலே நொறுங்கும். காயில் தகடுகளுக்கு நடுவே மண்ணால் கட்டிய குளவிக்கூடு, நசுங்கிய அலுமினியம், தலை உப்பிய கெபாசிட்டர். கம்ப்ரஸர் முனகிவிட்டு நின்றுபோகப் பலமுறை காரணம் அந்தச் சின்ன டப்பாதான். (மின்சாரத்தை நிறுத்தினாலும் அதில் மின்னூட்டம் தங்கும், வெறுங்கையால் தொடக்கூடாது.) அதை மாற்றி, தகடுகளைச் சீப்பால் நிமிர்த்தி, கூரை ஓட்டையைச் சுற்றிய ஸ்பாஞ்ச் வளையத்தைப் புதிதாக வைத்தால் போதும் என்ற நிலையில், பழசு என்ற ஒரே காரணத்துக்காக ஏசியைத் தூக்கி எறிவது வீணடிப்புதான்.

குளிரூட்டும் கேஸ் கசிந்திருந்தால் கதை வேறு. இவற்றில் பெரும்பாலானவை கேஸ் ஏற்ற வால்வு இல்லாமல் மூடி அடைக்கப்பட்டவை. உள்ளே இருப்பது ஓசோனை அரிக்கும் ஆர்-22. அதன் புதிய உற்பத்தியையும் இறக்குமதியையும் அமெரிக்கா 2020இல் நிறுத்திவிட்டது. முதியவர் ஒருவர் உள்ளே படுத்திருக்க, பாசத்தால் அந்த ஏசியைப் பிடித்துக்கொண்டிருப்பது ஆபத்து. மைமோனிடிஸ் வெட்டலாம் என்ற மரம் இதுதான்.

கூரையில் சுமார் 14 அங்குலச் சதுர ஓட்டைதான் வழக்கமான அளவு என்பதால் புதியது பெரும்பாலும் அதே இடத்தில் உட்கார்ந்துவிடும். மீந்திருக்கும் கேஸைக் காற்றில் விடுவது அமெரிக்காவில் சட்டப்படி குற்றம். உரிய கருவியால் அதை உறிஞ்சி எடுக்க வேண்டும். அதன்பின் செம்பும் அலுமினியமும் எடைக்குப் போகும். ஃபேன் மோட்டார் நன்றாகச் சுற்றினால் அதைக் கழற்றி, அதே மாடலை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் வேறொரு வண்டிக்காரருக்குக் கொடுக்கலாம்.