ஆடு தின்ற சம்மன்

முப்பத்தோரு வருஷம் காரைக்காலில் வக்கீல் குமாஸ்தா. பேட்டா கட்டி, அமீனாவோடு சைக்கிளில் போய்ச் சம்மன் சார்வு செய்ததில், அதாவது உரியவரிடம் சேர்ப்பித்ததில், பாதி ஆயுசு போயிற்று. ஒருவனுக்கு ஒரு சங்கதி ‘தெரியும்’ என்று எப்போது சொல்லலாம்? சித்தாந்த வகுப்பில் கேட்கவேண்டிய கேள்வி இது. நான் பூட்டிய கதவுகளுக்கு முன்னால் நின்று கேட்டுக்கொண்டேன்.

திருமலைராயன்பட்டினத்தில் ஒரு பாகப்பிரிவினை வழக்கு. அக்கா வாதி, தம்பி பாரிஸ் பக்கம். 1962 ஆகஸ்டில் இந்த ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்துப் பிரெஞ்சுப் பிரஜையாகவே இருந்துகொண்ட குடும்பம். அமீனா சம்மனைப் பூர்வீக வீட்டுக் கதவில் ஒட்டினார். மைதாப் பசை காய்வதற்குள் ஓர் ஆடு பாதியைத் தின்றுவிட்டது. ஜட்ஜ் ஏற்கவில்லை. ஆட்டினால் அல்ல, ஆள் வெளிநாட்டில் இருக்கிறார், ஹேக் ஒப்பந்தப்படி அனுப்பு என்றார். 1965-இல் உண்டான ஒப்பந்தம், நமக்கு 2007 ஆகஸ்டில்தான் நடைமுறைக்கு வந்தது. பாரிஸ் நீதி அமைச்சகத்துக்குப் போகவேண்டும், பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு. தமிழில் அக்காவோடு சண்டை போட்டு வளர்ந்தவருக்கு அக்காவின் குறை பிரெஞ்சில் போயிற்று.

பேடண்ட்காரர்கள் இதில் முன்ஜாக்கிரதை. வெளிநாட்டுக் கம்பெனி மனுப் போடும்போதே, நோட்டீஸ் வாங்க இந்தியாவுக்குள் ஒரு முகவரி கொடுத்தாக வேண்டும். ஆனால் அதே பேடண்ட் சட்டத்தின் 111-ஆம் பிரிவு, பேடண்ட் இருப்பதே தெரியாமல் மீறியவனிடம் நஷ்டஈடு கேட்காதே என்கிறது. ‘தெரியாது’ என்பதை அவன்தான் நிரூபிக்க வேண்டும். தெரியாமையை எந்தச் சாட்சியை வைத்து நிரூபிப்பது?

எங்கள் ஊர் அம்மையார் கதையும் சார்வு பற்றிய கதைதான் எனக்கு. கணவன் பரமதத்தன் கப்பலேறினான், பாண்டிநாட்டில் இன்னொருத்தியைக் கட்டினான், பிறந்த பெண்ணுக்கு அம்மையாரின் பேரையே, புனிதவதி என்று, வைத்தான். மாங்கனி அற்புதத்தைப் பார்த்துப் பயந்துவிட்டான், பாவம், என்று ஊர் அவனை மன்னிக்கிறது. நான் மன்னிக்கவில்லை. மறுமணம்கூட இருக்கட்டும், சொல்லாமல் போனதுதான் குற்றம். சொந்தக்காரர்கள் முறையாகச் செய்தார்கள்: அம்மையாரைச் சிவிகையில் ஏற்றிப் போய், ஊருக்கு வெளியே தங்கி, முன்னே சொல்லி அனுப்பினார்கள். அவன் தானே எதிரே வந்து காலில் விழுந்தான். ஆனால் சதையை உதறிப் பேயுருவானது யார்? கடைசியாகத் தகவல் கிடைத்தவள். பிரதிவாதி தப்பினான், தீர்ப்பு வாதிமேல் விழுந்தது.

அடுத்த ஆனிப் பௌர்ணமி. அம்மையார் திருவிழாவில் மாங்கனி இறைக்கிற கூட்டத்தில் பாரிஸ் தம்பி நிற்கிறார், கையில் பிடித்த பழத்தோடு. பக்கத்தில் அமீனா, லீவில், வேட்டியில். என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். கல்யாணப் பந்தலுக்குள் ஓலையோடு வந்து சுந்தரரைத் தடுத்த கிழவரை நினைத்தேன். கடவுளுக்குச் சரி. அப்படி மறிக்க எனக்கு மனசு வரவில்லை. நானே கிட்டப் போனேன்.

“தம்பி, உங்க பேர்ல ஒரு கேஸு...”

“தெரியும்ண்ணே. பிராது போடுற மொத நாள் ராத்திரியே அக்கா போன் பண்ணிச்சு. ‘நாளைக்குப் போடப்போறேன்டா’ன்னு ஒரே அழுகை.”

பழத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். அக்காவுக்குத்தான் என்றார்.

பாரிஸிலிருந்து சார்வுச் சான்று அப்போதும் வந்திருக்கவில்லை. மறுவாரம் வாய்தா.