அரைக் குளிசை

டண்டினோங். ஆடி மாதக் காலை. யன்னல் கண்ணாடியில் மூச்சின் ஈரம்.

கத்தியை வைத்து அழுத்த, குளிசை இரண்டாகிறது. 50 மில்லிகிராம் செர்ட்ரலின். பாதி, 25. மேசையில் கொஞ்சம் வெள்ளைத் தூள். விரலால் ஒற்றி நாக்கில் வைக்க, கைப்பு.

பாண் ஒரு துண்டு. தேத்தண்ணீர். அரைக் குளிசை.

பிறகு ஒன்றும் இல்லை. ஹீட்டரின் இரைச்சல் மட்டும்.

*

சபைக் கூச்சம் என்று ஊரில் சொல்வார்கள். வளர வளரப் போய்விடும் என்பாள் பெரியம்மா.

வைத்தியர் எழுதிய தாளில் கூச்சம் இல்லை. பதற்றம் இருக்கிறது. சமூகப் பதற்றம்.

இரண்டு சொல்லும் ஒரே நெஞ்சுக்குள்தான் படபடக்கின்றன.

*

மூன்றாம் நாள்.

ரயில் நோபிள் பார்க்கில் நிற்கிறது. உயரத்துப் பாதை. கீழே ஈரமான கூரைகள்.

வயிற்றைப் பிரட்டுகிறது. சத்தி வரும் போல. கண்ணை மூட, அது மேலே வருகிறது. தொண்டையில் நிற்கிறது. இறங்குகிறது.

ஸ்பிரிங்வேல் வர, இல்லை.

*

குளிசை வேலை செய்வது செரட்டோனின்மேல். உடம்பிலுள்ள செரட்டோனினில் பத்தில் ஒன்பது பங்கு குடலில் இருக்கிறதாம். இத்தாலியில் ஆய்வாளர் எர்ஸ்பாமர் 1930களில் அதைக் கண்டதும் குடல் திசுவில்தான். மூளையில் அது இருப்பது பிறகுதான் தெரிய வருகிறது.

தலைக்கென்று விழுங்கியது முதலில் வயிற்றின் கதவைத் தட்டுகிறது.

கையை வயிற்றின்மேல் வைத்திருக்கிறேன். சூடு.

*

ஆறாம் நாள். கரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில். அன்னதான வரிசை.

காகிதத் தட்டு. சோறு. பருப்பு. கை நடுங்க, பருப்பு சோற்றை விட்டு விளிம்புக்கு வழிகிறது. விளிம்பில் ஒரு சொட்டு. விழவில்லை.

"தம்பிக்குக் குளிருதோ?"

"ஓம் அன்ரி."

வியர்வை முதுகில் இறங்குகிறது.

*

கை நடுக்கம். வியர்வை. வாய் வறட்சி.

ஆட்களுக்கு நடுவில் நிற்கையில் பயம் தருவது இவை மூன்றும். மருந்து தருவதும் இவை மூன்றும்.

இது பயமா, குளிசையா? கையைப் பார்க்கிறேன். கை வெறுமனே நடுங்குகிறது.

*

ஏழு நாள் பாதி. எட்டாம் நாளிலிருந்து முழுசு.

*

இரவு மூன்று மணி. விழிப்பு.

கனவில் பள்ளிக்கூடம். காலைப் பிரார்த்தனை. தேவாரம் பாட என் பெயரைக் கூப்பிடுகிறார்கள். வாய் திறக்கிறது. சட்டைப் பொத்தானின் நிறம்கூடத் தெளிவு.

தலையணை நனைந்திருக்கிறது. மறுபக்கம் திருப்ப, குளிர்.

வெளியே இருட்டில் ஒரு மக்பைப் பறவை. குழலைத் தண்ணீருக்குள் ஊதுவது போல.

*

மீட்டிங்கில் கொட்டாவி. நித்திரை இல்லாததால் அல்ல. இதுவும் மருந்தின் வேலைதானாம். தாடை இறுகிக் கிடக்கிறது. பல்லிலிருந்து பல்லைப் பிரிக்கிறேன்.

சற்றுப் பொறுத்து மறுபடி பிரிக்கிறேன்.

*

நான் எழுதிவரும் குறிப்புப் புத்தகத்தை வைத்தியர் வாங்கிப் பார்க்கிறார். அவசரமில்லாமல் ஒவ்வொரு பக்கமாக.

காலையிலேயே எடுத்து வர, நித்திரை திரும்பும். சாப்பாட்டோடேயே எடுத்து வர, வயிறு அடங்கும். வாய்க்குச் சீனி இல்லாத சூயிங்கம். பல உபாதைகள் முதல் இரண்டு மூன்று வாரத்தில் குறையும். குணம் தெரிய நாலிலிருந்து ஆறு வாரம்.

முதலில் வருவது உபாதை. பின்னால் வருவது குணம். நடுவில் இருக்கும் நாட்களுக்குப் பெயர் இல்லை.

*

மனம் முன்பைவிட இருண்டால், சாக வேண்டும் என்று தோன்றினால், காத்திருக்காமல் சொல்ல வேண்டும் என்கிறார். குரலைத் தாழ்த்தவில்லை. வயிற்றுக்கோளாறைப் பற்றிக் கேட்ட அதே குரல்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள். லைஃப்லைன், 13 11 14.

பால் எடுக்கத் திறக்கும்போதெல்லாம் அது அசைகிறது.

*

அம்மா வட்ஸ்அப்பில். கிணற்றடி வாழை குலை தள்ளிவிட்டது என்கிறாள். போன முறை இப்படி ஒரு சொல்லுக்குக் கண் நனைந்தது. இன்று நனையவில்லை.

குரல் கேட்கிறது. அன்பு தெரிகிறது. ஒரு மெல்லிய துணிக்கு அந்தப் பக்கம்.

உடம்பின் ஆசையும் அங்கேதான். அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. எழுதி, தாளை வைத்தியர் பக்கம் தள்ளுகிறேன். தலையசைக்கிறார். பலருக்கும் வருவது. அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாறலாம், வழி இருக்கிறது.

கூச்சத்துக்கு எடுக்கும் மருந்தைப் பற்றிப் பேசவும் கூச்சம்.

*

சனிக்கிழமை. 86ஆம் இலக்க டிராம். பண்டூரா.

1899இல் கட்டிய செங்கல் வீடு. இப்போது ஓவியக் கூடம். 1993 வரை, போரிலிருந்து மனம் நொந்து திரும்பியவர்களின் வைத்தியசாலையின் ஒரு பகுதி.

விறாந்தையில் வெயில். ஆள் இல்லை. கை நடுங்கவில்லை.

*

ஜோன் கேட் வேலை செய்த வைத்தியசாலை இது. மூன்றரை ஆண்டு சங்கியில் போர்க்கைதியாக இருந்து மீண்ட வைத்தியர்.

லித்தியம். வேறு நோய்க்கான வேறு மருந்து. நோயாளிக்குக் கொடுக்குமுன் அவர் அதைத் தானே விழுங்கிப் பார்க்கிறார். விழுங்கி, தன் உடம்பைக் கவனித்தபடி இருக்கிறார்.

வயிறு பிரட்டுகிறதா. கை நடுங்குகிறதா.

விறாந்தையில் இருந்து அந்த மனிதரை நினைக்கிறேன்.

*

1948 மார்ச். முதல் நோயாளிக்குக் கொடுக்கிறார். பல ஆண்டு அடைபட்டுக் கிடந்தவர் சில மாதத்தில் வீடு போகிறார். வேலைக்கும் போகிறார்.

1949 செப்ரெம்பர் 3. ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் கேட்டின் கட்டுரை.

1950. அதே முதல் நோயாளி. உடம்பில் லித்தியம் அளவு மீறி, இறந்து போகிறார்.

ஒரே மருந்து. ஒரே மனிதர்.

*

1951. மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிரவுட்னரும் அவரோடு இருந்தவர்களும், நோயாளிகளின் இரத்தத்தில் லித்தியத்தை அளந்து அளந்து கொடுக்கிறார்கள். அப்படித்தான் அது ஆபத்துக் குறைந்த மருந்தாகிறது.

அளவு. ஒரு சின்னச் சொல்.

மேசையில் கிடந்த வெள்ளைத் தூள் நினைவில் வருகிறது.

*

ஐந்தாம் வாரம். இரண்டு காலை தொடர்ந்து மறந்துவிட்டேன்.

தலையைத் திருப்ப, கண்ணுக்குப் பின்னால் மின்சாரம் சுண்டுவது போல. ஒரு நொடி. மறுபடி ஒரு நொடி. படியிறங்கும்போது சுவரைப் பிடிக்கிறேன்.

இரத்தத்தில் செர்ட்ரலின் பாதியாகக் குறைய ஒரு நாளுக்குச் சற்றுக் கூட எடுக்கும். உடம்பு மருந்துக்குப் பழகியிருக்கிறது. நிறுத்துவதானால் வைத்தியரோடு, மெல்ல மெல்ல. எடுக்கத் தொடங்கியது போலவே, பாதி பாதியாக.

பாண். தேத்தண்ணீர். குளிசை.

மறுநாள் தலை திரும்புகிறது. ஒன்றும் சுண்டவில்லை.

*

யூக்கலிப்டஸ் பட்டை உரிந்து நடைபாதையில் கிடக்கிறது. உரிந்த இடத்தில் மரம் வெளிறி, வழவழப்பாக.

தொட்டுப் பார்க்கிறேன். ஈரம்.

*

ஏழாம் வாரம். அதே கோயில். அதே வரிசை.

காகிதத் தட்டு. சோறு. பருப்பு. கை கொஞ்சம் நடுங்குகிறது. முன்னால் நிற்பவரின் தோளைப் பார்த்தபடி நிற்கிறேன். அவருடைய சால்வையில் ஒரு நூல் பிரிந்திருக்கிறது. அந்த நூலை எவ்வளவு நேரமாகப் பார்க்கிறேன் என்று தெரியவில்லை.

"கறி காணுமோ தம்பி?"

"இன்னும் கொஞ்சம் போடுங்கோ."

சொன்ன பிறகுதான் கேட்கிறது. என் குரல்.

*

வியர்வை இன்னும் இருக்கிறது. தாடை இன்னும் இறுகுகிறது. கொட்டாவி குறைந்திருக்கிறது. போன கிழமை ஒரு பழைய பாட்டுக்குக் கண் நனைந்தது.

புத்தகத்தில் திகதி போட்டு, இவற்றை வரிசையாக எழுதுகிறேன். நல்லது கெட்டது என்று பிரிக்காமல்.

*

இரவு. மேசை விளக்கு.

ஏழு நாளுக்கு நாலு குளிசை உடைத்ததில் எட்டாவது பாதி மிஞ்சியது. அது இன்னும் வெள்ளித் தாளில் சுற்றியபடி பெட்டியின் மூலையில் இருக்கிறது. உடைந்த பக்கம் சொரசொரப்பு. மற்றப் பக்கம் வழவழப்பு.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு வைத்தியர்.