நினிவே எந்தப் பக்கம்?

யோனாவின் புத்தகத்தில் மொத்தம் 48 வசனங்கள். மீன் வருவது அதில் மூன்றே மூன்றில். ஆனால் புன்னைக்காயலில் மறைக்கல்வி வகுப்பில் அந்தக் கதையைக் கேட்ட நாங்கள் யாரும் மீனைத் தாண்டிப் போனதாக நினைவில்லை. கடற்கரைப் பிள்ளைகள் வேறு எப்படி இருப்போம்? அது சுறாவா திமிங்கிலமா, மூணு நாள் உள்ளே எப்படி மூச்சு விட்டான், கக்கின இடத்தில் எத்தனை பாகம் ஆழம் என்று கேள்வியெல்லாம் மீனைச் சுற்றியே நின்றுவிடும். பாடமும் ஒரு வரியில் முடிந்துவிடும்: கடவுள் சொன்னால் கேட்கணும், கேட்காவிட்டால் மீன் வரும்.

மீன் அவனைக் கரையில் கக்கிய பிறகும் இரண்டு அதிகாரங்கள் மீதி இருக்கின்றன. கதையின் முள் அங்கேதான் கிடக்கிறது.

யோனா ஏன் ஓடினான்? நினிவே கிழக்கே, தரைவழி. அவன் யோப்பாத் துறைக்குப் போய், கூலி கொடுத்து, மேற்கே தர்சீசுக்குக் கப்பல் ஏறினான். பயந்து ஓடினான் என்றுதான் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். பயப்படக் காரணமும் உண்டு. நினிவே அசீரியர்களின் பெருநகரம். கி.மு. 722-ல் இஸ்ரயேலின் வடநாட்டை வீழ்த்தி மக்களை நாடு கடத்தியது அதே அசீரியப் பேரரசு. ஆனால் நான்காம் அதிகாரத்தில் யோனாவே வாய்விட்டுச் சொல்லும் காரணம் வேறு. கடவுள் இளகிய மனசுக்காரர், கடைசி நிமிஷத்தில் மன்னித்துவிடுவார் என்று தனக்கு முன்பே தெரியும், அதனால்தான் ஓடினேன் என்கிறான். எச்சரித்தால் அவர்கள் திருந்திவிடுவார்கள். திருந்தினால் தப்பிவிடுவார்கள். அவன் கவலை அதுதான்.

அவன் பயந்தபடியே நடந்தது. நினிவேயில் அவன் சொன்ன செய்தி எபிரேயத்தில் ஐந்தே சொற்கள். வேண்டா வெறுப்பாகச் சொன்ன அந்த ஐந்து சொல்லுக்கு அரசன் அரியணையை விட்டு இறங்கிச் சாக்கு உடுத்துகிறான். ஆடுமாடுகூட நோன்பு இருக்கிறது. நகரம் தப்புகிறது. யோனா ஊருக்கு வெளியே பந்தல் போட்டு உட்கார்ந்து, இன்னும் அழியாதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு நிழலாக ஒரு செடி முளைக்கிறது. தமிழ் விவிலியத்தில் அது ஆமணக்கு. மறுநாள் புழு அரித்து அது வாடியதும், செத்தால் தேவலை என்கிறான். நீ நடாத செடிக்கே இவ்வளவு வருந்துகிறாயே, வலது கை இடது கை தெரியாத ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மனிதரும் அத்தனை கால்நடையும் இருக்கிற ஊருக்காக நான் வருந்தக் கூடாதா என்று கடவுள் கேட்கிறார். புத்தகம் அந்தக் கேள்வியோடு நின்றுவிடுகிறது. யோனா என்ன பதில் சொன்னான் என்று எழுதப்படவில்லை.

இந்தக் கடைசி அதிகாரம் எனக்கு விளங்க ஆரம்பித்தது, 1544-ஆம் ஆண்டுக் கடிதங்கள் சிலவற்றைப் படித்த பிறகு. எங்கள் கரையில் எழுதப்பட்ட கடிதங்கள் அவை. முத்துக்குளிப்பில் வந்த சண்டையால் நெருக்கடியில் இருந்த பரதவர்கள், போர்த்துகீசியரின் பாதுகாப்பைத் தேடி 1535-37 வாக்கில் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542-ல் பிரான்சிஸ் சேவியர் வந்தார். அடுத்த ஒரு நடையில் அவரோடு பிரான்சிஸ்கோ மான்சிலாஸ் என்ற போர்த்துகீசியரும் வந்தார். அதிகம் படிக்காத, சுலபமாகச் சலித்துப்போகிற மனிதர். இருவரும் வேறு வேறு ஊர்களில் வேலை செய்ததால், 1544-ல் மட்டும் சேவியர் அவருக்கு இருபதுக்கும் மேற்பட்ட கடிதங்கள் எழுதினார். புன்னைக்காயல், மணப்பாடு, தூத்துக்குடி, ஆலந்தலை என்று அவற்றில் வரும் பெயர்கள் இன்று மினிபஸ் பலகையில் இருக்கிற பெயர்கள்.

பிப்ரவரியில் புன்னைக்காயலில் இருந்து எழுதிய கடிதத்தில், இந்த ஜனங்களோடு கெட்ட பிள்ளைகளைப் பெற்ற நல்ல தகப்பனைப் போல நடந்துகொள்ளச் சொல்கிறார் சேவியர். எவ்வளவு தப்பு கண்ணில் பட்டாலும் சலிக்காதே, கடவுளால் இவர்களை அழிக்க முடியும், ஆனாலும் அழிக்கவில்லையே என்பது அவர் வாதம். கெட்ட பிள்ளைகள் என்பது என் முன்னோர்களைத்தான். படித்ததும் சுருக்கென்றது. மறைக்கல்வியில் நாங்கள் எப்போதும் யோனாவின் இடத்தில் இருந்து கதை கேட்டோம். இந்தக் கடிதத்தில் நாங்கள் நினிவே.

நினிவே ஓரிடத்தில் நிலைத்து நிற்கும் ஊர் இல்லை போலிருக்கிறது. அந்த வருஷம் வடுகர் படை கரையைச் சூறையாடியது. தூத்துக்குடியில் இருந்த போர்த்துகீசிய கேப்டன் கோஸ்மே டி பைவா. கரை மக்களைக் கொள்ளையடித்தார், அவருடைய பேராசையால் தூத்துக்குடியில் உயிர்கள் போயின என்று சேவியரே குற்றம் சாட்டிய ஆள். செப்டம்பரில் வடுகர் அவருடைய கப்பலையும் வீட்டையும் எரிக்க, அவர் தீவுக்குத் தப்பி ஓடினார். செய்தி கிடைத்ததும் ஆலந்தலையில் இருந்து சேவியர் மான்சிலாஸுக்கு அவசரமாக எழுதுகிறார்: புன்னைக்காயல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு, கிடைக்கிற தோணியில் எல்லாம் சாப்பாடும், முக்கியமாகத் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு உடனே அவருக்கு உதவப் போ. கொம்புத்துறை, வேம்பார் பட்டங்கட்டிகளுக்கும் தோணி அனுப்பச் சொல்லித் தகவல் போகிறது.

தங்களைச் சுரண்டினவருக்குத் தண்ணீர் கொண்டுபோகச் சொல்லி வந்த உத்தரவைக் கேட்டு, தோணியில் குடம் ஏற்றிய எங்கள் ஊர்க்காரர் ஒருவர் என்ன நினைத்திருப்பார்? "அவனுக்கா?" என்று கேட்டிருப்பார். நான் கேட்டிருப்பேன்.

டிசம்பரில் கதை இன்னொரு திருப்பம் எடுக்கிறது. கொள்ளையடித்த பாரத்தை மனசாட்சியில் இருந்து இறக்கிவைக்க பைவாவுக்கு உதவு, அவருடைய மானத்தில் அக்கறையுள்ள நண்பனாகப் பேசு, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல் என்று சேவியர் மான்சிலாஸிடம் கேட்கிறார். தான் மட்டும் அவருக்கு எழுதவில்லையாம். அந்த ஆள் திருந்துவார் என்ற நம்பிக்கை தனக்கு இல்லை என்கிறார். ஜப்பான்வரை போன மனிதர், நாலு வரி எழுத மனமில்லாமல் நின்ற இடம் தூத்துக்குடியில் இருந்த போர்த்துகீசிய கேப்டன். புனிதரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவருடைய நினிவே தூரதேசத்தில் இல்லை என்பதைப் பார்க்கத்தான். தன்னால் முடியாது என்று தெரிந்ததும், செய்தி நின்றுபோகாமல் இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டார். யோனாவுக்கு அந்த அளவுகூட மனசு வரவில்லை.

மான்சிலாஸின் நினிவே வேறு. பிறகு மொலுக்கஸ் தீவுகளுக்கு வரச் சொல்லி சேவியர் அவருக்கு உத்தரவு அனுப்பினார். அவர் போகவில்லை. புயல் வரவில்லை, மீனும் வரவில்லை. 1548-ல் இயேசு சபையில் இருந்து நீக்கப்பட்டார், அவ்வளவுதான். ஆனால் 1557-ல் கொச்சியில் சேவியரின் வாழ்க்கை பற்றிச் சாட்சிகளை விசாரித்தபோது, வந்து சாட்சி சொன்னவர்களில் மான்சிலாஸும் ஒருவர். தன்னை நீக்கியவர் புனிதர் ஆவதற்காகச் சாட்சி சொல்லப் போவதைவிடக் கடினமான கடல்பயணம் என்ன இருக்கிறது? மொலுக்கஸுக்குப் போகாத மனிதர் கடைசியில் ஒரு நினிவேக்குப் போய்ச் சேர்ந்தார் என்றே நான் நினைக்கிறேன்.

சரி, இதிலிருந்து அன்றாடத்துக்கு என்ன எடுத்துக்கொள்வது?

முதலில், புயலைப் பற்றிய பாடத்தை இறக்கிவைக்க வேண்டும். கப்பலில் சீட்டுப் போட்டுப் பாவியைக் கண்டுபிடித்த காட்சியை வைத்துக்கொண்டு, 2004 சுனாமிக்கும் 2017 ஒக்கிக்கும் "யார் செய்த பாவமோ" என்று பேசியவர்கள் உண்டு. அவர்களுக்கு 1544 ஜூனில் நடந்ததைச் சொல்லணும். வடுகருக்குப் பயந்து கன்னியாகுமரிப் பாறைகளில் பசியோடும் தாகத்தோடும் கிடந்தவர்களுக்கு இருபது தோணியில் உணவு ஏற்றிக்கொண்டு சேவியர் மணப்பாட்டில் இருந்து கிளம்பினார். எதிர்காற்றில் தோணிகள் போய்ச் சேர முடியவில்லை. கீழ்ப்படிந்து போனவனுக்கும் காற்று எதிர்த்து அடிக்கும். காற்றுக்குப் பாவக்கணக்கு தெரியாது. யோனாவின் கப்பலில் எனக்குப் பிடித்தவர்களும் அந்த மாலுமிகள்தான். வேற்றுத் தெய்வங்களைக் கும்பிடுகிற அவர்கள், இவன்தான் காரணம் என்று தெரிந்த பிறகும் அவனைக் கடலில் போட மனமில்லாமல் கரைசேரத் துடுப்புப் போட்டுப் பார்க்கிறார்கள். இறைவாக்கினரைவிட அவர்களிடம் இரக்கம் அதிகம்.

இரண்டாவது, மனசு மாறிய பிறகுதான் போகணும் என்று யோனாவின் கடவுள் கேட்கவில்லை. எங்கள் கரையில் கடலில் ஆள் காணாமல் போனால், வலைத் தகராறில் பேச்சு நின்றுபோன குடும்பத்து வள்ளமும் தேடப் போகும். தேடிவிட்டு வந்து மறுபடியும் பேசாமல் இருப்பார்கள். இதைப் போலித்தனம் என்று நண்பன் ஒருவன் சொன்னான். "மனசுல ஒண்ணு வச்சுக்கிட்டு எதுக்குடா போகணும்?" எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனசு சரியாகும்வரை காத்திருந்தால் கடலில் கிடப்பவன் செத்துப்போவான். பைவாவுக்குத் தண்ணீர் போனதால் அவர் கணக்கு அழிந்துவிடவில்லை. செப்டம்பரில் தண்ணீர், டிசம்பரில் "பணத்தைத் திருப்பிக் கொடு". இரண்டும் ஒரே மனிதருடைய கடிதங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. அடிபட்டவளிடம் போய் யோனாவைக் காட்டி "மன்னிச்சிரும்மா" என்பது அக்கிரமம். நினிவே முதலில் தன் கையில் இருந்த வன்முறையைக் கீழே போட்டது. அரசனின் கட்டளையிலேயே அது இருக்கிறது. யோனா நினிவேயைக் கட்டிப்பிடிக்க வேண்டும் என்று கடவுள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்கள் திருந்துவதற்கு நடுவில் நிற்காதே என்பதுதான் அவன்மேல் விழுந்த வேலை. அதுவே நமக்கு எவ்வளவு கஷ்டம் என்று பாருங்கள். நம்மை நோகடித்தவர் உண்மையிலேயே மாறிவிட்டார் என்று யாராவது சொன்னால், சந்தோஷத்துக்கு முன்னால் ஒரு ஏமாற்றம் எட்டிப் பார்க்கிறது. அவர் கெட்டவராகவே இருப்பது நமக்கு ஒரு நிழல். அந்த ஆமணக்கு வாடினால் வெயில் நம் தலையில் அடிக்கிறது.

புன்னைக்காயலுக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் காயல்பட்டினம். முத்துச் சண்டையில் அன்று எதிரெதிரே நின்ற இரண்டு கரைக்காரர்கள் நாங்கள். ஒருவருக்கொருவர் நினிவே. அங்கே இதே கதை யூனுஸ் நபியின் கதை. குர்ஆனில் பத்தாம் அத்தியாயத்துக்கே அவர் பெயர்தான். எச்சரிக்கப்பட்டு, நம்பி, தப்பிய ஊராக அது தனித்துக் காட்டுவது யூனுஸின் மக்களை. காயல்பட்டினத்து நண்பரிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவருக்கு இந்தக் கதையில் எது முக்கியம் என்று கேட்டேன். மீன் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். "அந்த ஊர் தப்பிச்சதுதான் பாய்" என்றார்.

ஓடினவனுடைய கதையைக் கேட்டு வளர்ந்த நான், தப்பிய ஊரின் கதையாக அதைக் கேட்டது அன்றுதான். யாருக்கு மன்னிப்புக் கிடைக்கக் கூடாது என்று உள்ளுக்குள் ஒரு பெயர் வைத்திருக்கிறேனோ, அந்தப் பக்கம்தான் என் நினிவே. அந்தப் பெயர் எனக்குத் தெரியும். கடவுள் யோனாவிடம் கேட்ட கேள்விக்குக் கீழே காலியாக விட்ட இடத்தில், அவரவர் பதிலை அவரவர்தான் எழுத வேண்டும்.