நாமே செய்ததா?

பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் இளைஞர் ஒருவர், நம் அறை மூலையில் சார்த்தியிருந்த பேஸ் கிட்டாரைக் கையிலெடுத்துப் பார்த்தார். சாதாரணக் கிட்டாரைவிட ஒரு ஸ்தாயி தாழ்ந்து ஒலிக்கும் நான்கு தந்திக் கருவி அது. "ஃபாதர், நீங்களே செஞ்சதா?" என்று வியந்தார். "ஆமாம்" என்றோம். அவர் போனபின் அந்த ஒரு சொல் நம்மை உறுத்தத் தொடங்கியது.

நடந்தது என்ன? உதிரிப் பாகங்கள் அடங்கிய பெட்டி ஒன்றை வாங்கினோம். உடற்பகுதி வடிவாக அறுக்கப்பட்டு, காந்தச் சுருளுக்கும் கழுத்துக்கும் உரிய பள்ளங்கள் இயந்திரத்தால் குடையப்பட்டிருந்தன. வீணையின் மெட்டுகளைப் போன்ற ஃப்ரெட்டுகள் கழுத்தில் ஏற்கெனவே பதிக்கப்பட்டிருந்தன. மயிரிழை பிசகினாலும் சுரம் கெட்டுவிடும் வேலை அது. அதை நாம் செய்யவில்லை, செய்யத் தெரிந்தவரும் அல்லர். திருகாணிகளை முடுக்கினோம், சில கம்பிகளைப் பற்றவைத்தோம். குருமடத்தில் பொய்யின் வகைகளை நாட்கணக்கில் படித்தவர் நாம். உண்மையில் ஒரு பகுதியைச் சொல்லிவிட்டுப் புகழை முழுதாக வாங்கிக்கொள்வது எந்த வகையில் சேரும்?

நமக்கு ஆதரவான வாதம் ஒன்று கிடைக்காமல் போகவில்லை. 1951-இல் இக்கருவிக்கு இன்றைய வடிவம் தந்த லியோ ஃபெண்டர், கலிபோர்னியாவின் புல்லர்டன் நகரில் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்தவர். கிட்டார் வாசிக்க அவருக்குத் தெரியாது. கழுத்தை உடலோடு ஒட்டாமல் நான்கு திருகாணிகளால் பிணைத்தார். பழுதானால் கழற்றி வேறொன்றை மாட்டலாம் அன்றோ! ஆக, பாகங்களைப் பூட்டி உருவாக்குவது இக்கருவியின் பிறவிக்குணம். ஆலையிலும் ஒருவர் அறுக்கிறார், ஒருவர் தேய்க்கிறார், மற்றொருவர் பற்றவைக்கிறார். அவர்களுள் 'நான் செய்தேன்' என்று சொல்லத்தக்கவர் எவர்? வாதம் சரிதான். ஆனால் "ஆமாம்" என்று சொன்னபின் தேடிப் பிடித்த வாதம் அது.

முழுமையாக நம் கைக்கென்று விடப்பட்டிருந்தது மேற்பூச்சு ஒன்றே. 120-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி, 220, 320 எனப் படிப்படியாக நயமான தாளுக்குச் செல்லவேண்டும். மர இழை ஓடும் போக்கிலேயே தேய்க்கவேண்டும். இதை அறிந்திருந்தும், பொறுமையிழந்த ஒரு மாலையில் விளிம்பருகே குறுக்காக நாலு இழுப்பு இழுத்துவிட்டோம். வெறும் மரத்தில் எதுவும் தெரியவில்லை. சாயம் ஏறியவுடன் கீறல்கள் கரிய கோடுகளாக எழுந்து நின்றன. திரும்பவும் தேய்த்தெடுக்க மனம் வரவில்லை. 'யார் பார்க்கப் போகிறார்கள்?' என்று அதன்மேலேயே லாக்கர் பூசினோம். காயவிட்டு மறுபடி பூசினோம். பளபளப்பு கூடக் கூடக் கோடுகளும் தெளிவாயின. அவற்றைக் கையால் மறைத்தவாறே கருவியைப் பிடிக்கும் பழக்கமும் நமக்கு வந்துவிட்டது!

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அந்த இளைஞரை அழைத்து, பெட்டியில் வந்தவை எவை, நாம் செய்தவை எவை என்று விளக்கினோம். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. விளிம்பை விரலால் தடவி, "அப்போ இந்தக் கோடெல்லாம்?" என்றார்.

"அது நம்ம வேலைதான் தம்பி."

"பூச்சை எடுத்துட்டு மறுபடியும் தேய்ச்சா போயிடுமே ஃபாதர்."

போய்விடும் என்பது நமக்கும் தெரியும். வரும் வாரம் தொடங்கவிருக்கிறோம். உப்புத்தாள் வாங்கிவருவதாக அவர் சொல்லியிருக்கிறார்.