பாத்தியதை

“இந்தப் பெண்கள் எந்த ஊர்?” என்று கேட்டார் நண்பர். நல்ல சங்கீத ரசிகர். ஆனால் பாட்டைக் கேட்கும்போதே பாடுகிறவரின் வம்சாவளியையும் விசாரித்துவிட வேண்டும் அவருக்கு. நம்மில் பலருக்கு உள்ள வியாதிதான், எனக்கும் உண்டு.

1994-ல் பாரிஸில் பிறந்த இரட்டைச் சகோதரிகள் அவர்கள்: லிசா-கைந்தே தியாஸ், நவோமி தியாஸ். தாங்களே பாட்டுக் கட்டி, ‘இபெயி’ என்ற பெயரில் பாடுகிறார்கள். யொரூபா மொழியில் அதற்கு இரட்டையர் என்று பொருள். தகப்பனார் அங்கா தியாஸ், கியூபாவின் பேர்பெற்ற தாளவாத்தியக்காரர். தாயார் பிரெஞ்சு, வெனிசுவேலா வழிவந்தவர். பாட்டுகள் பெரும்பாலும் இங்கிலீஷில். நடுவே யொரூபாவில் தெய்வத்தை அழைக்கும் பழைய பிரார்த்தனைகள்.

நண்பர் கேட்டுவிட்டுச் சொன்னார்: “பாரிஸில் வளர்ந்த பெண்களுக்கு ஆப்பிரிக்கச் சாமி எதற்கு? அது வேஷம்தானே?”

எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியல்ல. அந்தப் பிரார்த்தனைகள் அடிமைக் கப்பல்களில் கியூபாவுக்கு வந்தவை. அடிமைத்தனம் அங்கே 1886-ல்தான் ஒழிந்தது. அதுவரை, அதற்குப் பின்னும், கத்தோலிக்க அர்ச்சிஷ்டர்களின் படத்துக்குப் பின்னால் தங்கள் தெய்வங்களை மறைத்து வைத்துக் கும்பிட்டார்கள் அந்த ஜனங்கள். அவ்வளவு விலை கொடுத்துக் காத்ததை, டிக்கெட் விற்கும் மேடையில் பாட யாருக்குப் பாத்தியதை?

ரத்தத்துக்கு என்று முதலில் நினைத்தேன். தகப்பன் சொத்து மகளுக்கு. இதில் என்ன வழக்கு? ஆனால் நடந்த சங்கதி வேறு. 2006-ல் தகப்பனார் இறந்தபோது பெண்களுக்குப் பதினொரு வயது. அவர் போன பிறகு நவோமி அவருடைய கஹோனை எடுத்து வைத்துக்கொண்டாள். கஹோன் என்பது வெறும் மரப்பெட்டி. அதன்மேலேயே உட்கார்ந்து முன்பலகையைத் தட்ட வேண்டும். யொரூபாப் பாட்டுகளைச் சகோதரிகள் முறையாகப் பயின்றதும் தகப்பனாரை இழந்த பிறகுதான், பாரிஸில், ஒரு பாடகர் குழுவில். அங்கே அவர்களைச் சேர்த்துவிட்டவர் தாயார். யோசித்துப் பாருங்கள்: அந்த மரபில் ரத்தப் பாத்தியதை ஒரு துளியும் இல்லாத ஸ்திரீ, கணவரின் முன்னோர் பாட்டைத் தன் பெண்களுக்குத் தேடிக் கொடுக்கிறாள்! ரத்தம் இருந்தும் அவள் இல்லாவிட்டால் அவர்களுக்கு அது கிடைத்திராது. என் கணக்கு இங்கே உடைந்துபோயிற்று.

நண்பரிடம் இதைச் சொன்னேன். கூடவே, “நீங்கள் தினமும் காலையில் முணுமுணுக்கிறீர்களே தெலுங்குக் கீர்த்தனை, அதற்கு அர்த்தம் தெரியுமா?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. காப்பி ஆறும் வரை அவர் பேசவில்லை.

அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. நவோமி பட்டா என்ற மத்தளத்தையும் வாசிக்கிறாள். கியூபாவில் சடங்கு செய்து தெய்வம் ஏற்றிய பட்டாவை ஆண்களே தொடலாம் என்பது பழைய விதி. பெண்கள் வாசிப்பது சடங்கு செய்யாததை. விதியின் அந்தச் சந்து வழியாகத்தான் அவளால் நுழைய முடிகிறது. வெளியே நிற்கும் மற்றப் பெண்களுக்கு 2015-ல் உலகமெங்கும் விலைபோன இசைத்தட்டும் இல்லை, கேமராவும் இல்லை. இதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் வேஷம் என்ற சொல்லை நான் ஒப்பமாட்டேன். லிசா-கைந்தேக்குப் பதினாறு வயதில் பிரெஞ்சுப் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தி, குற்றவாளியைப்போல் நடத்தினாராம். அதை அவளே சொல்லியிருக்கிறாள். 2017-ல் வந்த ‘டெத்லெஸ்’ என்ற பாட்டு அதிலிருந்து பிறந்தது. பாதி பிரெஞ்சா, கால் வெனிசுவேலாவா என்று அந்தப் போலீஸ்காரர் பின்னம் போட்டுப் பார்க்கவில்லை. அவமானம் முழுசாக வந்து சேரும்போது, பாட்டை மட்டும் பங்கு பிரித்துக் கொடு என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

நண்பர் போன வாரம் வந்தார். வம்சாவளிப் பேச்சை எடுக்கவில்லை. “அந்த ஆற்றுப் பாட்டு இருக்கிறதே, அதைப் போடுங்கள்” என்றார்.